"140 கோடி பேர்ல வெறும் ஒரு சதவீதம் போதும்"னு யாராவது சொன்னா, பர்ஸை மூடி வைங்க



முதல்ல ஒரு சின்னக் கணக்கு. சீனாவில் 140 கோடி பேர் இருக்காங்க. அதில் வெறும் ஒரு சதவீதம் பேர் மாசம் ஒரு பாட்டில் வெளிநாட்டு ஒயின் வாங்கினால் என்ன ஆகும்? 1.4 கோடி பேர், 12 மாசம், மொத்தம் 16.8 கோடி பாட்டில். பாட்டிலுக்கு 100 ரூபாய் லாபம் வைங்க. வருஷத்துக்கு 1,680 கோடி ரூபாய்!

எக்செல் ஷீட்டில் பார்க்க ரொம்ப அழகா இருக்கும். "ஒரு சதவீதம்தானே கேட்கிறோம், அது கூட கிடைக்காதா?"ன்னு தோணும். வெளிநாட்டு ஒயின் கம்பெனிகள் பல வருஷமா சீனா மேல வெச்ச நம்பிக்கையோட அடிப்படை இந்த மாதிரிக் கணக்குதான்.

"சிஏ சார், ஒயினுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்கலாம். அதே கணக்குதான் இப்ப உங்க போனுக்கு வந்துட்டு இருக்கு. சீனாவை எடுத்துட்டு இந்தியான்னு போட்டிருப்பாங்க, அவ்வளவுதான். "140 கோடி மக்கள், வளரும் நடுத்தர வர்க்கம், இப்பவே உள்ள வாங்க"ன்னு தீம் ஃபண்ட், ஐபிஓ, நண்பனோட புது பிசினஸ்னு பல ரூபத்தில் வருது. விருதுநகர், சாத்தூர், சிவகாசி பக்கத்துல பிறந்தவங்க இதுக்கு மயங்கவே கூடாதுங்கிறது என் கருத்து. ஏன்னா இந்தக் கணக்கு எப்படித் தோற்கும்னு நூறு வருஷமா பார்த்த ஊர் நம்ம ஊர்.

சீனாவில் நடந்தது என்ன?

2015 டிசம்பரில் ஆஸ்திரேலியாவுக்கும் சீனாவுக்கும் வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. 14 சதவீதமா இருந்த ஒயின் இறக்குமதி வரி படிப்படியா குறைஞ்சு 2019 ஜனவரியில் பூஜ்யம் ஆச்சு. ஒரு கட்டத்தில் ஆஸ்திரேலியா வருஷத்துக்கு 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல சீனாவுக்கு ஒயின் வித்தது. அவங்களுக்கு வேற எந்த நாடும் அவ்வளவு பெரிய வாடிக்கையாளர் இல்லை.

2020 ஏப்ரலில் கொரோனா எங்கிருந்து வந்ததுன்னு விசாரிக்கணும்னு ஆஸ்திரேலிய அரசு கேட்டது. அதுக்கப்புறம் ரெண்டு நாட்டு உறவும் கெட்டுப் போச்சு. அதே வருஷம் ஆகஸ்டில் ஒயின் மேல சீனா விசாரணை ஆரம்பிச்சது. பென்ஃபோல்ட்ஸ் ஒயின் தயாரிக்கிற ட்ரெஷரி ஒயின் எஸ்டேட்ஸ் பங்கு அந்த ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல சரிஞ்சது. 2021 மார்ச்சில் இறுதி வரி அறிவிச்சாங்க: குறைஞ்சது 116.2 சதவீதம், அதிகபட்சம் 218.4 சதவீதம். வியாபாரம் கிட்டத்தட்ட நின்னே போச்சு. 140 கோடி பேரும் அங்கேயேதான் இருந்தாங்க. கேட்டை மட்டும் மூடிட்டாங்க.

2024 மார்ச் கடைசியில் அந்த வரியை எடுத்தாங்க. அடுத்த ஒரு வருஷத்தில் ஏற்றுமதி மறுபடியும் 100 கோடி டாலரைத் தொட்டது. "பார்த்தீங்களா, திரும்ப வந்துடுச்சே!"ன்னு சொல்லலாம். ஆனா அதில் பெரும்பகுதி காலியா கிடந்த குடோனையும் கடை அலமாரியையும் நிரப்பப் போன சரக்கு. சரக்கு கடைக்குப் போறது வேற, கடையில் இருந்து வீட்டுக்குப் போறது வேற. மளிகைக் கடை வெச்சிருக்கிற எந்த அண்ணாச்சியைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

வீட்டுக்குப் போற கணக்கு எப்படி இருக்கு? உலக ஒயின் அமைப்பின் மதிப்பீட்டில், 2024-ல் சீனாவோட மொத்த ஒயின் நுகர்வு சுமார் 55 லட்சம் ஹெக்டோலிட்டர், அதாவது 55 கோடி லிட்டர். 2017-ல் இருந்ததில் பாதி கூட இல்லை. 140 கோடியால் வகுத்துப் பாருங்க. ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு அரை பாட்டில்! அதுவும் உள்ளூர் ஒயினையும் சேர்த்து.

இறக்குமதி மட்டும் எடுத்தால், 2017-ல் சுமார் 75 கோடி லிட்டர். 2023-ல் சுமார் 25 கோடி லிட்டர். இப்ப நம்ம முதல் கணக்குக்குத் திரும்புங்க. 16.8 கோடி பாட்டில்னா 12.6 கோடி லிட்டர். "வெறும் ஒரு சதவீதம்"னு ஆரம்பிச்ச அந்த ஒரு கம்பெனி, 2023-ல் உலகம் முழுக்க எல்லாரும் சேர்ந்து சீனாவுக்கு அனுப்பினதில் பாதியை தனியா அனுப்பியிருக்கணும். ஒரு சதவீதம்னு கேட்டு, சந்தையில் பாதியைக் கேட்டிருக்காங்க. கணக்கோட தந்திரம் இங்கதான் இருக்கு: சதவீதத்தை மக்கள்தொகையில் இருந்து எடுப்பாங்க, வாங்குறவங்க எண்ணிக்கையில் இருந்து எடுக்க மாட்டாங்க.

ஏன் இப்படி ஆச்சு? கொரோனா, மந்தமான பொருளாதாரம் எல்லாம் உண்டு. அதுக்கும் கீழே ஒரு விஷயம் இருக்கு. சீனச் சாப்பாட்டு மேசையில் பழக்கமான பானம் பைஜியு, பீர், டீ. வெளிநாட்டு சிவப்பு ஒயினில் கணிசமான பங்கு பரிசாகவும், அதிகாரிகள், முதலாளிகள் விருந்துக்கும் போனது. 2012 கடைசியில் ஷி ஜின்பிங் அரசு அதிகாரிகளோட ஆடம்பரத்துக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்ததுமே விலை உயர்ந்த மது விற்பனை அடி வாங்கிச்சு. பரிசு கொடுக்க வாங்குறவன் காரணம் இருக்கிற வரைக்கும்தான் வாங்குவான். தனக்கு வேணும்னு வாங்குறவன்தான் மறுபடி மறுபடி வருவான்.

நமக்கு இது புதுசா? தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் ஆர்டரை நினைச்சுப் பாருங்க. கம்பெனி நல்லா போனா 500 பாக்ஸ். அடுத்த வருஷம் செலவைக் குறைக்கச் சொன்னா முதல்ல போறது அந்த ஆர்டர்தான்.

இதே கதை, நம்ம மண்ணில்

நம்ம ஊர்ல தீப்பெட்டி வர்றதுக்கு முன்னாடி, இந்தியாவுக்குத் தீப்பெட்டி ஸ்வீடனில் இருந்தும் ஜப்பானில் இருந்தும் வந்தது. அவங்களுக்கும் இதே கணக்குதான் தெரிஞ்சிருக்கும்: கோடிக்கணக்கான வீடு, வீட்டுக்கு ஒரு அடுப்பு, ஒரு விளக்கு. பழக்கமும் இருந்தது, தேவையும் இருந்தது. ஒயினை விட நூறு மடங்கு நல்ல சந்தை.

1922-ல் அன்றைய இந்திய அரசு இறக்குமதி தீப்பெட்டி மேல வரியை இரட்டிப்பாக்கியது. ஒரு குரோஸுக்கு 12 அணாவா இருந்தது ஒன்றரை ரூபாய் ஆச்சு. அதே 1922-ல்தான் சிவகாசியில் இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கத்துக்க கல்கத்தாவுக்குப் போனாங்க. 1923-ல் திரும்பி வந்து தொழிலை ஆரம்பிச்சாங்க. அரசு வரி போட்டது, உள்ளூர்க்காரன் கத்துக்கிட்டான். வெளிநாட்டு சரக்கோட கதை முடிய இந்த ரெண்டும் போதும். ஸ்வீடன் கம்பெனியே கடைசியில் இந்தியாவுக்குள்ள வந்து விம்கோ பேரில் தொழிற்சாலை போட வேண்டி வந்தது.

சீனா ஒயினிலும் இந்த ரெண்டாவது பாகம் நடக்குது. நிங்சியா பகுதியில் ஹெலன் மலை அடிவாரத்தில் திராட்சைத் தோட்டம் போட்டு நல்ல ஒயினே எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

இப்ப கேமராவைத் திருப்புங்க. இந்தத் தடவை விற்க வந்தது சீனா, சந்தை இந்தியா. சீன பிளாஸ்டிக் லைட்டர் நம்ம பெட்டிக்கடை வரைக்கும் வந்துடுச்சு. பத்து ரூபாய் லைட்டர் ஒண்ணு 20 தீப்பெட்டியோட இடத்தைப் பிடிச்சிடும்னு 2022-ல் முதல்வர் ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதமே எழுதினார். 2023 ஜூன் 29-ம் தேதி மத்திய அரசு ஒரு அறிவிப்பு போட்டது: இறக்குமதி மதிப்பு 20 ரூபாய்க்குக் கீழே இருக்கிற சிகரெட் லைட்டருக்குத் தடை. அடுத்து 2024 அக்டோபரில் லைட்டர் உதிரிபாகங்களுக்கும் கட்டுப்பாடு.

சாத்தூர், கோவில்பட்டி தொழிலாளிக்கு அது நல்ல செய்தி, நானும் வரவேற்கிறேன். ஆனா கடன் வாங்கி லைட்டர் கண்டெய்னர் ஆர்டர் போட்ட ஒரு இறக்குமதியாளர் பக்கத்தில் இருந்து யோசிங்க. முந்தின நாள் வரைக்கும் அவருக்கு 140 கோடி வாடிக்கையாளர். மறுநாள் காலையில் ஒரு பக்க அறிவிப்பு.

சரி, உள்ளூர் சரக்குன்னா பயமே இல்லையா? பட்டாசைப் பாருங்க. நாடே வாங்குது, பழக்கம் தலைமுறை தலைமுறையா இருக்கு. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: பசுமைப் பட்டாசு மட்டும்தான், பேரியம் கூடாது, சரவெடி கூடாது, தீபாவளிக்கு ராத்திரி ரெண்டு மணி நேரம் மட்டும். அந்த நவம்பரில் மூடின ஆலைகள் பல மாசம் திறக்கல. காற்று மாசு பிரச்சினை உண்மை, அதை நான் மறுக்கல. முதலீட்டுக் கண்ணோட்டத்தில் நான் பார்க்கிறது ஒண்ணுதான்: டிமாண்ட் எவ்வளவு பெருசா இருந்தாலும், கேட்டோட சாவி உங்க கையில் இல்லைன்னா அது உங்க சந்தை இல்லை.

இன்னொரு பாடமும் இருக்கு. எல்லாரும் வாங்கினா லாபம் வந்துடுமா? தீப்பெட்டி விலை 2007-ல் ஒரு ரூபாய் ஆச்சு. அது ரெண்டு ரூபாய் ஆனது 2021 டிசம்பர் 1-ல். நடுவுல 14 வருஷம்! மெழுகு, அட்டை, குச்சி, கூலி எல்லாம் ஏறிச்சு. நாடே வாங்குற பொருளோட விலை அப்படியே நின்னுச்சு. வாங்குற ஆள் எண்ணிக்கை வேற, தயாரிக்கிறவன் பாக்கெட்டுக்கு வர்ற காசு வேற.

இந்தியாவில் ஒயின் கதை

இப்ப நேரா உங்க டீமேட் அக்கவுண்ட் பக்கம் வருவோம். 2022 டிசம்பரில் சுலா வைன்யார்ட்ஸ் ஐபிஓ வந்தது நினைவிருக்கா? விலை 357 ரூபாய். அப்ப எல்லா இடத்திலும் கேட்ட வாதம்: "இந்தியாவில் தலைக்கு ஒயின் நுகர்வு ரொம்பக் கம்மி, அதனால வளர இடம் ரொம்ப அதிகம்." யாரும் குடிக்காத ஊரில் டீக்கடைக்கு வளர இடம் அதிகம்னு சொல்ற மாதிரிதான் இது. குறைவா வாங்குறாங்கன்னா, ஏன் வாங்கலன்னு முதல்ல கேட்கணும்.

அந்த ஐபிஓ முழுக்க ஆஃபர் ஃபார் சேல். புரியுற மாதிரி சொன்னா, நீங்க கொடுத்த பணம் கம்பெனிக்குப் போகல, ஏற்கெனவே பங்கு வெச்சிருந்தவங்களுக்குப் போச்சு. அதுல சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. ஆனா "வளர இவ்வளவு இடம் இருக்கு"ன்னா விற்கிறவங்க ஏன் விற்கிறாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம்.

டிசம்பர் 22-ல் பங்கு பட்டியலானது. ஒரே வாரத்தில், டிசம்பர் 29-ல், இந்தியா-ஆஸ்திரேலியா ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. 150 சதவீதமா இருந்த ஒயின் இறக்குமதி வரி, 5 டாலருக்கு மேல் உள்ள பாட்டிலுக்கு 100 சதவீதமாகவும், 15 டாலருக்கு மேல் உள்ளதுக்கு 75 சதவீதமாகவும் குறைஞ்சது. வருஷா வருஷம் இன்னும் குறையும். கேட்டைத் திறந்தாலும் யாருக்கோ பாதிப்புதான்.

இந்தியா 140 கோடி பேரோட ஒரே சந்தையும் இல்லை. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி வரி, தனித்தனி அனுமதி. நம்ம தமிழ்நாட்டில் 2003-ல் இருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். அந்தப் பங்கு 2024 ஜனவரியில் 700 ரூபாய் கிட்ட போச்சு, 2025-ல் ஐபிஓ விலைக்குக் கீழேயே வந்துடுச்சு. கம்பெனி நல்லதா கெட்டதாங்கிறது என் விஷயம் இல்லை, வாங்கு, விற்குன்னும் சொல்லல. மக்கள்தொகையை நம்பி 700-ல் வாங்கினவங்க என்ன கணக்கு போட்டாங்கன்னு மட்டும்தான் கேட்கிறேன்.

பணம் போடறதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி

1. இன்னிக்கு யார் வாங்குறாங்க? "வாங்கலாம்" கணக்கு வேண்டாம். போன வருஷம் காசு கொடுத்து வாங்கினவங்க எத்தனை பேர்?

2. தனக்காக வாங்குறாங்களா, பரிசுக்காகவா? அடுத்த மாசம் அதே ஆள் திரும்ப வருவாரா?

3. கேட் சாவி யார்கிட்ட? ஒரு அறிவிப்பு, ஒரு தீர்ப்பு, ஒரு வரி மாற்றத்தில் இந்த வியாபாரம் பாதியாகுமா?

4. உள்ளூர்க்காரன் இதைக் கத்துக்க எத்தனை வருஷம் ஆகும்? 1922-ல் ஒரு வருஷத்துக்குள்ள கத்துக்கிட்டாங்க.

5. விலையை ஏத்த முடியுமா? 14 வருஷம் ஒரு ரூபாயில் நின்ன தீப்பெட்டியை மனசுல வைங்க.

நம்ம விருதுநகரைப் பத்தி ஒரு பேச்சு உண்டு: இங்க ஒண்ணும் பெருசா விளையாது, ஆனா பருப்பு, மிளகாய், எண்ணெய் விலை இங்கதான் முடிவாகும். அந்த பஜாரில் இருக்கிற வியாபாரி ஊர் ஜனத்தொகையை எண்ணி சரக்கு போட மாட்டார். போன மாசம் என்ன ஓடிச்சு, பாக்கி எப்ப வரும், குடோனில் எத்தனை நாள் தங்கும்னுதான் பார்ப்பார்.

மக்கள்தொகை ஒண்ணுமே இல்லைன்னு நான் சொல்லல. சின்ன விலை, தினசரி பழக்கம், ஊர் ஊரா போய்ச் சேர்ற விநியோகம்: இது மூணும் ஏற்கெனவே இருக்கிற சோப்பு, பிஸ்கட் கம்பெனிக்கு மக்கள்தொகை பலம். அது இல்லாத இடத்தில் மக்கள்தொகை வெறும் விளம்பர வாசகம்.

உங்க வீட்டுக் கணக்கு

போன வாரம் ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். சொந்த ஊர் விருதுநகர் பக்கம், சென்னையில் வேலை, கையில் வர்ற சம்பளம் 42,000. அப்பா பட்டாசு ஆலையில் போர்மேன். ரெண்டு வருஷத்தில் தங்கச்சி கல்யாணம், அதுக்குன்னு 4 லட்சம் சேர்த்து வெச்சிருக்கார். பாதியை ஒரு கன்சம்ப்ஷன் தீம் ஃபண்டிலும், பாதியை ஒரு சீனா ஃபண்டிலும் போடலாமான்னு கேட்டார்.

வேண்டாம் தம்பி. காரணம் ஃபண்ட் இல்லை, உங்க வீடு. உங்க அப்பா வருமானம் ஏற்கெனவே ஒரு பொருள், ஒரு சீசன், ஒரு கேட்டை நம்பி நிக்குது. சேமிப்பையும் அதே மாதிரி இடத்தில் வெச்சா, ரெண்டு கேட்டும் ஒரே வருஷம் மூடினால் கல்யாணம் என்ன ஆகும்?

நான் சொல்றது இதுதான்:

- ரெண்டு வருஷத்தில் தேவைப்படுற 4 லட்சம் பேங்க் டெபாசிட்டில் இருக்கட்டும். ஒரு பேங்கில் 5 லட்சம் வரைக்கும் காப்பீடு இருக்கு. வட்டி சுமார்தான், பரவாயில்லை. கல்யாண தேதி மார்க்கெட் ஏறுற வரைக்கும் காத்திருக்காது.

- எமர்ஜென்சி ஃபண்ட் எல்லாருக்கும் ஆறு மாசச் செலவுன்னு சொல்வேன். பட்டாசு, தீப்பெட்டி வருமானம் இருக்கிற வீட்டுக்கு ஒன்பது மாசம். மாசச் செலவு 30,000 என்றால் 2.7 லட்சம். 2018-19-ல் ஆலை மூடியிருந்தப்ப வட்டிக்கு வாங்கின வீடுகளைக் கேளுங்க, ஏன்னு புரியும்.

- அதுக்கப்புறம் மாசா மாசம் எஸ்ஐபி, அகலமான இண்டெக்ஸ் ஃபண்டில். அதில் ஒரு நாடு, ஒரு துறை, ஒரு தீர்ப்பு உங்களைக் கவிழ்க்கிறது கஷ்டம்.

- தீம் ஆசை இருக்கா? மொத்த முதலீட்டில் பத்து சதவீதம், அதுக்கு மேல வேண்டாம். மாசம் 8,000 போட்டால் 800. போனாலும் தூக்கம் வரணும்.

சீனாவில் வெளிநாட்டு ஒயினுக்கு எதிர்காலமே இல்லையான்னு கேட்டா, இருக்கு. 140 கோடிக்கு இல்லை, பெரிய நகரங்களில் விரும்பிக் குடிக்கிற சில கோடி பேருக்கு. அதைத் தெரிஞ்சு, அளவா சரக்கு அனுப்பி, வேற நாலு நாட்டிலும் கடை விரிச்சவங்க நிலைப்பாங்க. உங்க பணத்துக்கும் அதே விதிதான்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. உங்க போர்ட்ஃபோலியோவைத் திறந்து, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்தில் "இதை நான் ஏன் வாங்கினேன்?"னு ஒரு வரி எழுதுங்க. எத்தனை வரியில் "இந்தியாவில் மக்கள் ஜாஸ்தி" என்பது மட்டுமே காரணமா இருக்குன்னு எண்ணி கமெண்டில் போடுங்க. அஞ்சு கேள்வியை வெச்சு ஒரு ஐபிஓ டாக்குமெண்டை எப்படிப் படிக்கிறதுன்னு அடுத்த வீடியோவில் பார்ப்போம்.

(இது பொதுவான விளக்கம் மட்டுமே, தனிப்பட்ட முதலீட்டு ஆலோசனை இல்லை. முடிவெடுக்கும் முன் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரைக் கலந்துக்கோங்க.)